முதல் மிடறு

நேற்றுப் பின்னேரம் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில் தேசிக்காய்ப் பெட்டியொன்று அடி பிய்ந்து கவிழ்ந்தது. காய்கள் நடைபாதையெங்கும் உருண்டு ஓடின. தெருவில் வந்த வான் ஒன்று நாலைந்தை நசித்துக்கொண்டு போனது. அப்போது எழும்பிய வாசம்தான் என்னை நிறுத்திவிட்டது. கடைக்காரருக்குப் பொறுக்கிக் கொடுக்கக் குனிந்த நான், ஒரு காயின் தோலை நகத்தால் கீறி மூக்கோடு பிடித்தபடி அப்படியே நின்றேன். "பழுதில்லை அக்கா, நல்ல காய்தான். பயப்பிடாமல் எடுங்கோ" என்றார் அவர். நான் காய் பார்க்கவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? அந்த எலுமிச்சை மணத்துக்குள் நீ நின்றாய். கையில் ஒரு சீனிக்கட்டி, முகத்தில் ஒரு விசர்ச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அழுவதற்கல்ல. அந்த நவம்பரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாரோடு கதைக்க முடியும்?

2009இல் சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து நீ பாரிசுக்கு வந்தாய். வன்னியின் கடைசி மாதங்களில் புருசனை இழந்திருந்தாய். அவருடைய அக்கா, உன் மச்சாள், ஓல்னே-சூ-புவாவில் தன் வீட்டில் உனக்கு ஓர் அறை தந்தார். சோறு தந்தார். அகதிக் காட் கிடைக்கும்வரை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உன்னோடு ஏறி இறங்கினார். நல்ல மனிசி. அதை நீ என்றைக்கும் மறக்கவில்லை. பிறகு நடந்தவற்றைச் சொல்லும்போதும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார் து நோர் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்ன ஹோட்டலில் உனக்கும் வேலை கிடைத்தது. பாரில் கிளாஸ் கழுவித் துடைத்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு கிளாசையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாய், எக்ஸ்ரே பார்க்கிற டொக்டர் மாதிரி. பாருக்குப் பொறுப்பாக இருந்த ழெரார், பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து வந்த பிரெத்தோன் மனிதர், ஓய்வுக்குப் போகிற வயது. "நீ துடைத்த கிளாசை ஆட்களுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் போல இருக்கிறது" என்று பகிடி விடுவார். வேலை இல்லாத நேரத்தில் போத்தில்களைத் திறந்து மணந்து பார்க்க விடுவார். ஒரு சொட்டும் நாக்கில் வைக்காமல், மணத்தை வைத்தே எல்லாவற்றையும் பெயர் சொல்லப் பழகினாய். "அக்கா, எனக்கு உந்த மேசைக்குப் பின்னாலை நிண்டு கலக்கிற வேலைதான் விருப்பம்" என்று ஒரு நாள் எனக்கு மட்டும் சொன்னாய். அதைச் சொல்லும்போது, யாருக்கும் கேட்டுவிடுமோ என்று சுற்றிப் பார்த்தாய். நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம்!

அந்த வருடம் மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. மூன்று நாள் பலகாரம் சுட்டது நீ. ஹோலில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆராத்தித் தட்டில் திரியைக் கொளுத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன், உன்னைக் காணவில்லை. பின்னால் குசினிக்குள் நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். ரயிலில் வரும்போது கேட்டேன், யாராவது ஏதும் சொன்னார்களா என்று.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. சொல்ல முதல் நானே போயிட்டன்."

 

ரூத் எங்கள் ஹோட்டலுக்கு வந்தது அதற்குப் பிறகு, நவம்பரில்தான். எழுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண், கனகாலமாகப் பாரிசில் இருப்பவர். இங்கே வாழும் தன் நாட்டு ஆட்கள் சிலருக்குப் பழைய காலத்து விருந்து ஒன்று வைக்க வேண்டும் என்றார். அமெரிக்கா இங்கிலாந்து அரசனுக்குக் கீழ் இருந்த நாட்களில் சனம் எப்படிக் கூடிக் குடித்ததோ, அதே மாதிரி. அதற்குப் பஞ்ச் என்ற கலவைக் குடிவகை வேண்டும். ழெரார் கரீபியன் தீவுப் பக்குவத்தில் ரம்மும் பழச்சாறும் கலந்து, வடிவாக ஒரு கிளாசில் கொடுத்தார். ரூத் குடித்துப் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஒருவருக்கான கிளாஸ். எனக்கு வேண்டியது எல்லோருக்குமான கிண்ணம்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு துவாய்ப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். நான் கிளாஸ் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தேன். அந்தக் கிண்ணத்தைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பீங்கான். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பருமன். வெளியே நீலத்திலும் சிவப்பிலும் ஒரு பாய்க்கப்பல். ஒரு பக்கம் நீளமாக வெடித்து, அந்த வெடிப்பை யாரோ சின்னச் சின்ன உலோகக் கொக்கிகளால் தைத்திருந்தார்கள், காயத்துக்குத் தையல் போட்டதுபோல. சீனத்தில் செய்து கப்பலில் அமெரிக்காவுக்குப் போனதாம். அவருடைய வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறதாம்.

பிறகு ரூத் கதைக்கத் தொடங்கினார். அவருடைய பிரெஞ்சு அமெரிக்கப் பிரெஞ்சு, எங்களுடையது லா சப்பல் பிரெஞ்சு. நடுவில் நின்ற ழெராருக்குச் சிரிப்பு. ஆனாலும் எல்லாம் விளங்கியது. அந்தக் காலத்துத் தவறணைகளில், ஊர்க் குடிகடைகளில், பஞ்சைக் கிண்ணத்தோடுதான் கொண்டுவந்து வைப்பார்களாம். ஆளுக்கொரு கிளாஸ் இல்லை. கிண்ணம் கைமாறி, வாய்மாறி மேசையைச் சுற்றிப் போகும். பணக்கார வீடுகளில் வெள்ளிக் கரண்டியால் அள்ளிச் சின்னக் கிளாசுகளில் விடுவார்கள். அந்தக் கரண்டிக்குத் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த கறுப்பு நாரில் முறுக்கின பிடி. சில கனவான்கள் சட்டைப் பையில் சாதிக்காயும், அதைத் துருவ ஒரு குட்டி வெள்ளித் துருவியும் கொண்டு திரிவார்களாம்!

"எங்கட ஆம்பிளையள் பொடிமட்டை கொண்டு திரிஞ்ச மாதிரி" என்று நீ என் காதுக்குள் சொன்னாய். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

சாராயம், தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைப் பொருள். ஐந்து. பஞ்ச் என்ற பெயரே இந்தியப் பக்கத்தில் ஐந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து போனது என்று சிலர் சொல்வார்களாம், வேறு சிலர் இல்லை என்பார்களாம். "பஞ்சாமிர்தம்!" என்றாய் நீ. அது என்ன என்று ரூத் கேட்டார். வாழைப்பழத்தையும் தேனையும் நீ கையால் பிசைந்து காட்டிய விதத்தில் ழெரார் பாதி பயந்துவிட்டார்.

அப்போதுதான் நீ கேட்டாய், "மதாம், உவ்வளவு கிண்ணத்தையும் ஆர் கழுவினது?" பிரெஞ்சில்தான் கேட்டாய், ஆனால் எனக்குத் தமிழில்தான் கேட்டது. பத்து வருடம் பாத்திரம் கழுவின எனக்கு அது தோன்றவில்லை பார். ரூத் கிண்ணத்தைத் தன் பக்கம் திருப்பினார். "எங்கள் வீட்டில், அடிமையாக வாங்கப்பட்ட பெண்கள். அந்தச் சீனிக்கும் ரம்முக்கும் கரும்பு வெட்டியவர்களும் அடிமைகள்தான். கிண்ணம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எங்களுக்குத் தெரியும். கழுவியவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது" என்றார். நீ அந்தக் கிண்ணத்தை எடுத்து, கொக்கிகளின் மேல் விரலால் மெதுவாகத் தடவினாய்.

"தவறணைகளை நடத்தியது யார் தெரியுமா?" என்று ரூத்தே திரும்பத் தொடங்கினார். "பல ஊர்களில் விதவைகள். புருசன் செத்த பிறகு அவளும் பிள்ளைகளும் ஊர்ச் செலவில் வாழ வேண்டி வரக்கூடாது என்று, அவளுக்கே அனுமதி கொடுத்துவிடுவார்கள். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவளுடைய கிண்ணத்தில் குடித்தார்கள்."

மேசைக்குக் கீழே நீ என் காலை மிதித்தாய். எவ்வளவு பலமாக மிதித்தாய் என்றால், அன்று இரவு விரல் வீங்கியிருந்தது.

கடைசியாக ரூத், வசதியானவர்கள் ரம்மைவிட உயர்வாக நினைத்தது கிழக்கிலிருந்து கப்பலில் வந்த அராக் என்றார். அது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லையாம். தென்னை மரத்திலிருந்து வடிப்பதாம். "சாராயம்!" என்று நீ கத்தினாய். மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "மதாம், அது எங்கட ஊர்! பத்து நிமிசம் நடந்தால் கடையிலை வாங்கலாம்!"

ழெரார் உன்னைப் பார்த்தார். "அப்படியென்றால் நீதான் செய்யப்போகிறாய். நான் உனக்கு எலுமிச்சம்பழம் வெட்டித் தருகிறேன்."

அடுத்த நாள் நாங்கள் இரண்டு பேரும் லா சப்பலில் கடைக்குள் போனது ஒரு தனிக் கதை. கனபேருக்கு உன்னைத் தெரியும். கடைக்காரர் தென்னஞ் சாராயப் போத்திலை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஆருக்குத் தங்கச்சி? வீட்டிலை விசேசமோ?"

"எனக்குத்தான் அண்ணை."

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. தெருவுக்கு வந்ததும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏனடி அப்பிடிச் சொன்னனி?"

"வேலைக்கு எண்டு சொன்னால் மட்டும் நம்பவோ போகினம்? நான் உண்மையைச் சொல்லி அவை சந்தேகப்படுறதை விட, பொய்யைச் சொன்னால் அதையாவது நம்பட்டும்."

செய்தி ரயிலைவிட விரைவாக ஓல்னேக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை பக்கத்து ஊரான லெ பிளாங்-மெனிலில் என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் நீ, ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் சேலைக்குள் சுற்றிய போத்தில். கண் சிவந்திருந்தது, ஆனால் நீ அழவில்லை.

"தம்பியின்ரை பேரைக் கெடுக்க வந்தனியோ எண்டு மச்சாள் கேட்டவ. பிறகு, உந்த வேலையோ என்ரை வீடோ, ஒண்டைச் சொல்லு எண்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"வெள்ளிக்கிழமைக்குப் பஞ்ச் வைக்கோணும் மச்சாள் எண்டனான்."

சொல்லிவிட்டு உனக்கே சிரிப்பு வந்தது. எனக்கும். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் வாசலில் நின்று அழுதோம். எங்கட இவர் உள்ளேயிருந்து, "முதல் உள்ளுக்கு வந்து கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது" என்றார்.

அந்த வாரம் எங்கள் குசினி ஒரு தவறணைதான்! ழெரார் சொல்லித் தந்தபடி, சீனிக்கட்டியைத் தேசிக்காய்த் தோலில் தேய்க்க வேண்டும். தோலின் எண்ணெய் எல்லாம் சீனிக்குள் இறங்கும். நீ அவசரத்தில் தோலைச் சீவிப் போட்டு, சாதிக்காயையும் அரைவாசி துருவிக் கொட்டினாய். சுவை பார்க்க எங்கட இவர் தானாக முன்வந்தார். ஒரு மிடறு குடித்து யோசித்தார்.

"சளிக்கு நல்லது" என்றார்.

இரண்டாம் முறை புளிப்பு. மூன்றாம் முறை, தண்ணீருக்குப் பதிலாக விட்ட தேயிலைச் சாயம் கூடிவிட்டது. அவருக்கு மட்டும் ஒன்றிலும் குறை இல்லை. "இன்னொருக்கால் பாப்பம்" என்று கிளாசை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் நீயே சொன்னாய், மணத்தை மட்டும் வைத்து இதைச் செய்ய ஏலாது என்று. கரண்டியில் கொஞ்சம் எடுத்தாய். மூக்கைப் பொத்தினாய். கண்ணை மூடினாய். விழுங்கினாய்.

"ஐயோ அக்கா, தொண்டை பத்துது!" குசினியைச் சுற்றி ஓடினாய். பிறகு நின்றாய். நாக்கை அண்ணத்தில் வைத்துப் பார்த்தாய். "ஆனால்... பின்னாலை தேசிக்காய் வருது. கொஞ்சம் பிந்தி வருது. சீனியை இன்னும் தேய்ச்சால் முன்னுக்கு வரும்."

வந்தது! அடுத்த கிண்ணத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சாராயம் அடியில், தேசிக்காய் மேலே, சாயத்தின் துவர்ப்பு நடுவில், மூக்குக்குக் கிட்டப் போகும்போது சாதிக்காய். எங்கட இவர் குடித்துவிட்டு, கேட்காமலே கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, சரி வந்துவிட்டது என்று.

வெள்ளிக்கிழமை மாலை. நீள மேசை நிறைய ஆட்கள். சிலர் பழைய காலத்துச் சட்டை, வெள்ளைக் கழுத்துத்துணி எல்லாம் போட்டு வந்திருந்தார்கள். ஒரு கிழவனாருடைய தலையில் வெள்ளை முடித்தொப்பி, அது காதுக்கு மேல் சரிந்துகொண்டே இருந்தது. நான் பாத்திர அறைக் கதவில் நின்று பார்த்தேன். நீ அந்தக் கப்பல் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாய்.  மேசையின் தலைப்பில், ரூத்துக்கு முன்னால் வைத்தாய். எல்லோரும் கை தட்டினார்கள்.

நீ உடனே திரும்பிக் கதவை நோக்கி வரத் தொடங்கினாய். சாமத்திய வீட்டில் போனதுபோலவே. யாரும் சொல்ல முதல்.

"எங்கே போகிறாய்?" என்றார் ரூத். "நில். கிண்ணத்துக்கு உரியவள் முதலில் குடித்துவிட்டுத் தரவேண்டும். இன்றைக்கு இந்தத் தவறணை உன்னுடையது."

நீ நின்றாய்.  ரூத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். அவ்வளவு பேருக்கும் நடுவில், அவ்வளவு தூரத்திலிருந்து, தமிழில் கேட்டாய்:

"அக்கா, முதல் ஆளாய் நானோ? நான் தொடலாமோ?"

அங்கே யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும், நீ பஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை என்று. என் கைகள் ஈரம், ஏப்ரன் நனைந்திருந்தது, பாத்திர அறைப் பெண் விருந்து மண்டபத்துக்குள் வரக்கூடாது. நான் வந்தேன். உன் பக்கத்தில் வந்து நின்றேன்.

"ஓமடி. உன்ரை கைதானே செய்தது. நீதான் முதல். குடி."

நீ கிண்ணத்தைத் தூக்கினாய். ஒரு சொட்டு கப்பலின் பாய்மேல் வடிந்தது. ஒரு மிடறு குடித்தாய். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. கிண்ணத்தை ரூத்திடம் கொடுத்தாய். ரூத் குடித்துப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. கிண்ணம் மேசையைச் சுற்றத் தொடங்கியது. முதலில் மெதுவாக, கூச்சத்தோடு. பாதி தூரம் போனபோது சிரிப்பும் கதையும் எழும்பிவிட்டன. முடித்தொப்பிக் கிழவனார் இரண்டு மிடறு குடித்துவிட்டார் என்று பக்கத்துப் பெண் சண்டைக்குப் போனார். கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வந்தது. மேசையில் தட்டத் தொடங்கினார்கள், இன்னொரு கிண்ணம் வேண்டுமென்று! ழெரார் உன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "எலுமிச்சம்பழம் வெட்ட ஓடுகிறேன், மதாம்" என்றார் உன்னைப் பார்த்து. அன்றுதான் அவர் முதல்முறை உன்னை மதாம் என்றார்.

பாத்திர அறைக்குள் வந்து நாங்கள் குதித்ததை யாராவது கண்டிருந்தால், சாராயம் எங்களுக்குத்தான் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நீ என் தோளைப் பிடித்து உலுப்பிக்கொண்டு சொன்னாய்:

"அக்கா, பாத்தனீங்களோ? ஒருத்தரும் துடைச்சுப்போட்டுக் குடிக்கேல்லை. நான் வாய் வைச்ச இடத்திலேயே வைச்சுக் குடிச்சவை!"

அடுத்த மாதமே உன்னைப் பாரில் கலக்கிற வேலைக்கு எடுத்தார்கள். ழெரார் ஓய்வுபெற்றபோது மாலை நேரம் முழுக்க உன் பொறுப்பானது. லா சப்பலில் நாலாம் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாய். மச்சாள் ஒரு வருடத்துக்கு மேல் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம், நல்ல சேலை கட்டிக்கொண்டு, தனியாக பாருக்குள் வந்து உட்கார்ந்தார். "தேத்தண்ணி இருக்கோ?" என்றார். இருக்கிறதிலேயே வடிவான கப்பில் ஊற்றிக் கொடுத்தாய். பாதி குடித்த பிறகு, "உன்ரை அறையை அப்பிடியேதான் வைச்சிருக்கிறன்" என்றார். நீ திரும்பிப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்னேயில்தான் உனக்குச் சாப்பாடு. நீ நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரங்களில் கரண்டியால் கஞ்சி ஊட்டியது அந்த மனிசிதான். ழெரார் தன் ஊர் பிரெத்தாஞ்ஞிலிருந்து வந்தார். ரூத் ஊன்றுகோலோடு வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்தை உனக்குத் தரவேண்டும் என்றார். "வேண்டாம் மதாம், உங்கட பேத்தி கழுவட்டும்" என்றாய். அந்த நிலைமையிலும்!

போன ஆவணியில் என் மகளுக்குக் கலியாணம் நடந்தது. நீ போன பிறகு, உனக்குச் சொல்லாமல் நடந்த முதல் விசேசம். மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆராத்தி எடுக்கிற நேரம், மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கட்டடத்தில் இருக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்தேன். முப்பது வயதும் இராது. புருசன் இல்லை. காலையிலிருந்து எங்களோடு மாலை கட்டி, சந்தனம் கரைத்து நின்றவள், தட்டில் திரியைக் கொளுத்தியதும் மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நடை தெரியும். சனத்தை விலத்திக்கொண்டு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கூட்டத்துக்குள் யாரோ முணுமுணுப்பது கேட்டது. மணவறையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, "அலே, அம்மா, அலே!" என்று, விடாமல் நடக்கச் சொல்லிப் பிரெஞ்சில் என்னை அவசரப்படுத்தினாள்.

ஆராத்தித் தட்டை வாங்கி அந்தப் பிள்ளையின் கையில் வைத்தேன்.

"அன்ரி, நான் எடுக்கலாமோ? ஆரும் ஏதும் சொல்லுவினம்."

"சொல்லட்டும். நடுவிலை வந்து நில்லு. நீதான் முதல்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். பிறகு நடுவில் வந்து நின்று, ஆராத்தி சுற்றினாள்.